ஒரு கிரேக்கரும் ஒரு வருமானச் சான்றும்

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே செத்துப்போன ஒரு கிரேக்கர் என்று சொன்னால், எங்கள் தாலுகா அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்னொருத்தி உயிரோடு இருக்கிறாள். அவள் சிரிக்க மாட்டாள், "இப்பவாது ஒத்துக்கிட்டியே" என்பாள். இந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஊர்க்காரர்கள், அதிகாரிகள் பெயரையெல்லாம் மறைத்துவிட்டு அந்தக் கிரேக்கருக்கு மட்டும் சலுகை காட்டுவது நியாயமில்லை என்பதால் அவருக்கும் பெயர் கிடையாது. உலகத்தைப் பிடிக்கக் கிளம்பிய ஓர் இளவரசனுக்குச் சின்ன வயதில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்றால் போதும், பலருக்குத் தெரிந்துவிடும்.

நான் கிராம நிர்வாக அலுவலர். மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கிராமம் என்று அரசாங்கக் கோப்பில்தான் இருக்கிறது. அலுவலக வாசலில் நின்று பார்த்தால் கன்டெய்னர் லாரியும், கம்பெனி பஸ்ஸும், ஐ.டி. கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளும்தான் தெரிவார்கள். சாதி, வருமானம், இருப்பிடம் என்று எந்தச் சான்று வேண்டுமென்றாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரவேண்டும். நான் சரி என்றால் மேலே போகும். இல்லை என்றால் திரும்பிப் போகும்.

அதற்கு முன்னால் நானும் கழுத்தில் கார்டு மாட்டிய பிள்ளைதான். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் ஐந்து வருடம் லைனில் நின்றேன். கடைசி சோதனை மேசை என்னுடையது. கருவியில் பச்சை விளக்கு எரிந்தால் பச்சை ட்ரே, சிவப்பு எரிந்தால் சிவப்பு ட்ரே. இரண்டிலும் சேராமல் சந்தேகமாக இருப்பதை மஞ்சள் ட்ரேயில் வைக்க வேண்டும். அதற்கு ஹோல்டு என்று பெயர். யாராவது ஒருவர் வந்து, கையில் எடுத்துப் பார்த்து, என்ன கோளாறு என்று யோசித்து முடிவு சொல்வார். எனக்கு மஞ்சள் ட்ரேயைக் கண்டாலே பிடிக்காது. அது நிறைந்தால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், லைன் மெதுவாகும். அதனால் சந்தேகம் வந்ததையெல்லாம் சிவப்பிலேயே தள்ளிவிடுவேன். வேகமான பெண் என்று பேர் வாங்கினேன்.

எனக்கு அடுத்த மேசையில் நின்றவள்தான் அந்த இன்னொருத்தி. அவளுக்கு ஊர் எங்கள் ஊருக்கும் தெற்கே. குன்றத்தூரில் ஆறு பேர் சேர்ந்து எடுத்திருந்த அறையில் அவளும் நானும் ஒரே பாயைப் பங்குபோட்டவர்கள். இரண்டு பேரும் அரசுத் தேர்வுக்குப் படித்தோம். படிப்பு நடந்தது முழுக்க முழுக்கக் கம்பெனி பஸ்ஸில்தான். ஜன்னலுக்கு வெளியே செம்பரம்பாக்கம் ஏரிக்கரை போய்க்கொண்டிருக்கும். அவள் நோட்டை மடியில் வைத்துச் சத்தமாக வாசிப்பாள், நான் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்வேன். அவள் புரிந்துகொண்டு படிப்பவள். நான் உருப்போடுகிறவள். இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உயர் பதவிகளுக்கான பெரிய தேர்வுக்கு, நிர்வாகத்தில் நீதி என்று ஒரு தலைப்பு இருந்தது. அங்கேதான் அந்தக் கிரேக்கர் வந்தார். அவள் நோட்டில் அவருக்கு ஐந்து குறிப்புகள். சமமானவர்களைச் சமமாக நடத்து என்பது இரண்டாவது. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. சுருக்கமாக இருந்ததுதான் காரணம். ஐந்தாவது நீளமானது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் பேச முடியும். எழுதியவர் நினைத்தே பார்க்காத ஒரு விஷயம் என்றாவது ஒருநாள் எதிரே வந்து நிற்கும். அப்போது, சட்டம் எழுதியவரே இந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும். அது சட்டத்தை மீறுவது ஆகாது, அதில் விட்டுப்போனதைச் சரிசெய்வது. இதற்கு அவர் ஓர் உதாரணமும் தருகிறார். ஏதோ ஒரு தீவில் கட்டட வேலைக்காரர்கள் ஈயத்தில் அளவுகோல் வைத்திருந்தார்களாம். கல் எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி அந்தக் கோல் வளைந்துகொடுக்குமாம்.

"வளையுற கோலு என்ன கோலு? ஏமாத்து வேலை" என்றேன் நான்.

அவள் நோட்டை மூடினாள். "எங்கப்பா கொத்தனாரு. கெணத்துச் சுவரு கட்டும்போது நேரான மட்டப்பலகையவா வச்சுப் பாப்பாரு? கம்பிய எடுத்து, இருக்குற கல்லு மேல அமுக்கி, அந்த வளைவ அப்படியே கொண்டுபோயி அடுத்த கல்லு மேல வப்பாரு. கம்பி வளையும். பொய் சொல்லாதுல்லா."

நான் ஐந்தாவது குறிப்பைப் படிக்காமலே விட்டுவிட்டேன். எப்படியும் பெரிய தேர்வில் இரண்டு பேருமே தேறவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கான சின்னத் தேர்வில் நான் தேறினேன். அவளுக்குச் சில மதிப்பெண்களில் தட்டிப்போயிற்று. அன்றைக்கு என்னைவிட அவள்தான் அதிகம் குதித்தாள். கம்பெனி வாசலில் எனக்கும் லைனில் இருந்த எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தாள். பிறகு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் வேறு தாலுகாவுக்கு வேலைக்குப் போனேன். போன் பேசுவது மாதத்துக்கு ஒன்றாகி, பண்டிகைக்கு ஒன்றாகி, அப்புறம் நின்றும் போனது. அவள் கூப்பிட்டதை நான் எடுக்காமல் விட்டது அதிகம். பிஸி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது ஒரு பெருமை.

மாறுதலாகி இந்தக் கிராமத்துக்கு வந்தபோது அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தெரிந்தவர்கள் நேராக உள்ளே வருவார்கள், தெரியாதவர்கள் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். முதல் வாரமே அதை ஒழித்தேன். கயிறு கட்டினேன், டோக்கன் கொடுத்தேன். முன்னாள் ஊராட்சித் தலைவரின் தம்பியையே வரிசையில் நிற்க வைத்தேன். "அந்தம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு, ஆனா கை நீட்டாது" என்று ஊரில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சமமானவர்களைச் சமமாக நடத்து, நடத்தினேன். ரேஷன் கார்டில் என் கிராமத்து முகவரி இருந்தால் எடுத்துக்கொள்வேன், வேறு ஊர் முகவரி இருந்தால் 'இக்கிராமத்தைச் சேர்ந்தவர் அல்லர்' என்று ஒரே வரி எழுதித் திருப்பிவிடுவேன். என் லாகினில் நிலுவை என்பதே கிடையாது. மாதக் கூட்டத்தில் வட்டாட்சியர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்.

அப்படிப் பாராட்டு வாங்கிய மறுவாரம் அவள் வந்தாள். டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று, தன் முறைக்குத்தான் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. நான் இங்கே மாறி வந்தது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என்னைத் தேடி வந்து தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்திருக்கிறாள். மேசைக்கு முன்னால் நின்று, "வணக்கம் மேடம்" என்றாள். பின்னால் ஆட்கள் நின்றார்கள். 'என்னை ஏன் மேடம் என்கிறாய்' என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலையை ஆட்டி, காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மாட்டுகிற கருவியால் பலன் இல்லை. அறுவைசிகிச்சை செய்து காதுக்குள்ளேயே கருவி பொருத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அரசுக் காப்பீட்டில் செய்துவிடலாம், ஆனால் ஆறு வயது முடிவதற்குள் செய்தாக வேண்டும். அதற்குமேல் காப்பீடும் கிடைக்காது, மூளைக்கும் பேச்சு சரியாக ஏறாது. குழந்தைக்கு ஆறு வயது முடிய இன்னும் நான்கு மாதம்கூட இல்லை. காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். ரேஷன் கார்டு மாமியார் ஊரில் இருக்கிறது.

"கார்டு எங்க இருக்கோ அங்கதான் வாங்கணும்" என்றேன்.

"போனேன் மேடம். ஆறு வருசமா ஊர்லயே இல்லாதவங்க என்ன சம்பாதிக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், இருக்குற எடத்துல வாங்குன்னு சொல்லிட்டாரு."

"அப்ப கார்டை இந்த முகவரிக்கு மாத்துங்க."

"வீட்டுக்காரம்மா வரி ரசீதும் தர மாட்டேங்காங்க, கரண்ட் பில்லும் தர மாட்டேங்காங்க. ரசீது இல்லாம மாத்த மாட்டாங்களாம்."

அங்கே அந்த ஊர் அலுவலர் சொன்னதும் விதிப்படி சரி. இங்கே நான் சொன்னதும் விதிப்படி சரி. இரண்டு சரிக்கும் நடுவில் அந்தக் குழந்தை என் மேசையில் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றது. வெளியே லாரி போகும்போதெல்லாம் மேசை அதிர, அது அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

என் மனசுக்குள் அப்போது ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட, இவள் என் தோழி ஆயிற்றே, இவளுக்கு வளைந்துகொடுத்தால் கயிறு கட்டி, டோக்கன் கொடுத்து நான் வாங்கிய பெயர் என்ன ஆவது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. தெரியாதவளாக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் உட்காரச் சொல்லியிருப்பேன். தெரிந்தவள் என்பதாலேயே அவளை நிற்கவைத்தே பேசினேன். 'இக்கிராமத்தைச் சேர்ந்தவர் அல்லர்' என்று எழுதினேன்.

"உனக்குச் செஞ்சா நாளைக்கு எல்லாருக்கும் செய்யணும்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"அப்போ எல்லாருக்கும் செய்யேன்" என்றாள்.

காகிதத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் காகிதத்தை எடுத்து மடித்தாள். அப்போதுதான் மேடம் போய், பழைய பேச்சு வந்தது. "நான் ஒன்ட்ட சலுகை கேக்கலட்டி. எனக்காகச் செய்யாத. வேற எவளோ ஒருத்தி இந்தப் பிள்ளையத் தூக்கிட்டு வந்து நின்னா என்ன செய்யணுமோ, அதச் செய்யி. நம்ம லைன்லகூட ஹோல்டுன்னு மஞ்ச ட்ரே ஒண்ணு வச்சிருந்தாம்லா? ஒன் ஆபீஸ்ல பச்சையும் செவப்பும் மட்டும்தானா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். கோபமாக வந்தது. என் அலுவலகத்தில் வந்து எனக்கே பாடம் எடுக்கிறாளே என்ற கோபம். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன். கோபம் ஆறிய பிறகு கீழே இருந்தது வெட்கம்தான்.

கூட்டம் கலைந்த பிறகு கம்ப்யூட்டரில் பழைய விண்ணப்பங்களைத் திறந்தேன். அந்த ஒரே வரியை எழுதி நான் திருப்பியவை மட்டும் ஒவ்வொன்றாக. எதற்காகக் கேட்டிருந்தார்கள் என்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன். பிள்ளையின் விடுதிக்கு, அப்பாவின் டயாலிசிஸுக்கு, கல்லூரி உதவித்தொகைக்கு. எல்லாம் தென் மாவட்டத்து முகவரிகள். எல்லோரும் என்னைப் போல பஸ் ஏறி வந்து, இங்கே வாடகை அறையில் இருப்பவர்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் அலுவலரும் இல்லை, இந்த ஊர் அலுவலரும் இல்லை. நான் சமமாகத்தான் நடத்தியிருக்கிறேன்; ஒருத்தர் விடாமல் எல்லோரையும் வெளியே தள்ளியிருக்கிறேன்.

அந்த ஐந்தாவது குறிப்பு, நான் படிக்காமல் விட்டது, அவள் குரலிலேயே ஞாபகம் வந்தது. கார்டு இருக்கும் ஊரில்தான் சான்று என்று விதி எழுதியவர் என்ன நினைத்திருப்பார்? அந்தக் குடும்பத்தை அறிந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்திருப்பார். கார்டு இருக்கும் ஊரில்தான் மனிதரும் இருப்பார் என்று நம்பியிருக்கிறார், பாவம். இப்படி ஒரு சாலையும், அதன் இரண்டு பக்கமும் கம்பெனிகளும், ஊரை விட்டு வந்த இத்தனை பிள்ளைகளும் அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். அவர் இன்று என் நாற்காலியில் இருந்தால், போய் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்தக் கிரேக்கர்மேல் எனக்குக் கண்மூடித்தனமான பக்தி எல்லாம் கிடையாது. சில மனிதர்கள் அடிமையாகவே பிறக்கிறார்கள் என்று சொன்னவர், பெண்ணுக்கு யோசனை உண்டு அதிகாரம் கிடையாது என்றவர். அவருக்கு என் வேலையைக் காட்டியிருந்தால் மூர்ச்சை போட்டு விழுந்திருப்பார். இருந்தாலும் அந்த ஈயக்கோலை அவர்தான் எழுதிவைத்தார். நல்லதைச் சொன்னதற்கு நன்றி, மற்றதற்குத் திட்டு என்று இரண்டையும் தனித்தனியாகவே அவருக்கு வைத்திருக்கிறேன்.

அவளுக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலையில ஸ்தல விசாரணைக்கு வாரேன். வீடு எங்கன இருக்கு?" வழி சொன்னாள்.

மறுநாள் ஸ்கூட்டியில் போனேன். முன்னால் ஓட்டு வீடு, பின்னால் வரிசையாக ஆறு அறைகள், அஸ்பெஸ்டாஸ் கூரை. வீட்டுக்காரம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பரம்பரையாக இந்த ஊர்க்காரர். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, இருக்கிற இடத்தில் அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். என்னைப் பார்த்ததும் எழுந்து, பின்பக்கம் போகிற சந்துப் பாதையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மேடம் இவ்ளோ தூரம்?"

"உங்க வீட்ல குடியிருக்கிறவங்களைப் பத்தி விசாரிக்க வந்தேம்மா."

"குடியா? இங்க யாரு கீறாங்க? நானும் எங்க வூட்டுக்காரும்தான்."

"பின்னாடி ஆறு கதவு தெரியுதே."

"அது மாட்டுக்கொட்டா மேடம்."

கொடியில் மூன்று கம்பெனிகளின் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயம் புரிந்தது. காகிதத்தில் அது மாட்டுக்கொட்டகைதான். வரி ரசீதிலும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் யாருக்கும் ரசீது தருவதில்லை. நான் அளக்க வந்திருக்கிறேன், நாளைக்கு இடிக்க வருவார்கள் என்று அந்த அம்மா பயந்திருக்கிறார். ஆனால் அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் என் விசாரணை அங்கேயே முடிந்துபோகும். வீட்டுச் சொந்தக்காரரே ஆள் இல்லை என்ற பிறகு நான் எதை எழுதுவது?

அந்த நேரம் பார்த்து நான்காவது அறைக் கதவு திறந்தது. நாங்கள் பேசுவது எதுவும் கேட்காத அந்தக் குழந்தை, பல்தேய்த்த நுரை காயாத வாயோடு ஓடி வந்து வீட்டுக்காரம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாவின் கை தானாகவே அதன் வாயைத் துடைத்தது. தினமும் துடைக்கிற கை என்று பார்த்தாலே தெரிந்தது.

"இது எந்த மாட்டோட கன்னுக்குட்டிம்மா?" என்று கேட்டேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். "என்னா மேடம் நீ. நோட்டீஸ் ஒட்டிட்டு போய்டுவியோன்னு பேஜாரா கீது எனுக்கு."

"கொட்டகை சமாச்சாரம் ஊராட்சிக்காரங்க பாடு, எனக்கு அதுல வேலை இல்லை. நான் இந்தப் பிள்ளையோட காதுக்காக வந்திருக்கேன். இவங்க இங்கதான் இருக்காங்கன்னு நீங்க சொன்னாத்தான் என்னால எழுத முடியும்."

"காதுக்கா? அத்த மொதல்லயே சொல்லக்கூடாது?" கீரையைத் தூக்கி ஓரமாக வைத்தார். "எழுதிக்கோ. இந்தக் கொயந்த என் வூட்டாண்டதான் பொறந்துச்சு. அதும் அப்பன் ரெண்டு ஷிப்டு பாக்குறான். இவ வேலைய வுட்டுட்டு புள்ளைய தூக்கிகினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுறா. எங்க கையெழுத்து போடணும், காட்டு."

பக்கத்து வீட்டாரையும் அவரே அதட்டிக் கூப்பிட்டு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தார். தோழி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தாள், குடித்தேன். அவ்வளவுதான்.

அலுவலகத்தில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் அறிக்கை எழுதினேன். விதி என்ன, அதன் நோக்கம் என்ன, இந்தக் குடும்பத்தை அறிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார், சாட்சிகள் யார் என்று எல்லாம். வருவாய் ஆய்வாளர் படித்துவிட்டு, "வேணாம்மா, இது எல்லாருக்கும் முன்னுதாரணம் ஆயிடும்" என்றார். "ஆகட்டும் சார்" என்று வட்டாட்சியரிடமே எடுத்துப் போனேன்.

வட்டாட்சியர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தப் பொண்ணு உனக்கு யாரும்மா?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என்னோட பழைய ரூம்மேட் சார்."

"அப்போ நீ விசாரிச்சது செல்லாது. தோழிக்குத் தோழி சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து வைத்தேன். "சார், இவ ஒருத்திக்காக நான் கேக்கலை. இது நான் இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினவங்க பட்டியல். இவங்க யாரும் எனக்குத் தெரிஞ்சவங்க இல்லை. எல்லாரையும் மறுபடி விசாரிக்க அனுமதி கொடுங்க. என் தோழியை மட்டும் வேற யாராவது விசாரிக்கட்டும்."

பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "போன மாசம் நிலுவை இல்லைன்னு உன்னை நான்தானே எழுப்பி நிக்கவச்சேன்" என்றார். பிறகு ஆய்வாளரைக் கூப்பிட்டு, அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆய்வாளர் முனகிக்கொண்டே போனார். வீட்டுக்காரம்மா அவருக்குக் கீரை வடை கொடுத்து அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சான்று அந்த வாரமே கையெழுத்தானது. அந்த வட்டாட்சியர் அந்த நாளில் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் அப்படிச் சொல்லவில்லை. அதற்காக அவரை நினைக்கும்போதெல்லாம் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

பட்டியலில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஷிப்டு போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறந்துவைத்தேன். சிலர் வந்தார்கள். ஒரு பெண் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் காகிதத்தை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். ஒருவர் மட்டும், அப்பாவின் டயாலிசிஸுக்குக் கேட்டிருந்தவர், "இனிமே எதுக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அவருக்கு மட்டும் என்னிடம் எந்த நன்றியும் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

குழந்தைக்கு அறுவைசிகிச்சை நடந்தபோது ஆறு வயது முடிய பத்து நாள்கூட மிச்சம் இல்லை. தையல் ஆறி, வெளிக்கருவியை மாட்டி ஓட வைக்க இன்னும் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த நாளுக்கு முந்தின நாள் அவள் போன் செய்தாள். "நாளைக்கு ஸ்விட்ச் போடுதாங்க. லீவு போட்டுட்டு வாட்டி." நான் எதற்கு என்று கேட்டேன். "வான்னா வா" என்று வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி அறை சின்னது. நான்கு நாற்காலிகள்தான். குழந்தை அவள் மடியில் இருந்தது. அவள் கணவருக்கு ஒரு நாற்காலி, காதுப் பரிசோதனை செய்கிற பெண்ணுக்கு ஒன்று. நான் தயங்கி வாசலிலேயே நின்றுகொண்டேன். அவள் திரும்பிப் பார்த்து, நான்காவது நாற்காலியைக் காலாலேயே தன் பக்கம் இழுத்துப் போட்டு, "இங்கன உக்காரு" என்றாள். நீட்டிய கையை நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் நான் விலகியிருந்த பிறகும், அவளைத் திருப்பி அனுப்பிய பிறகும், அந்தக் கையில் கோபம் துளிகூட இல்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ அழுத்தினார். குழந்தை அசையாமல் போனது. கண் அகன்றது. பிறகு பயந்து, வீறிட்டு அழுதது. அழுத அடுத்த நொடியே சட்டென்று நிறுத்தியது. யார் அழுதது என்று சுற்றிப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது, அந்தப் பெண்ணைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. யாரும் அழவில்லை. மெதுவாக, சோதித்துப் பார்ப்பதுபோல, "ஆ" என்றது. நிறுத்தியது. மறுபடி "ஆ" என்றது.

அது தன்னுடைய குரல்தான் என்று அந்தக் குழந்தை கண்டுபிடித்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாசலில் அவர்களை நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியவளை, அவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள்.